விமர்சனத்துக்குக் கீழே நீ எழுதிய வரி

இன்று காலை என் மகள் கூடத்தில் உட்கார்ந்து நகப்பூச்சு பூசிக்கொண்டிருந்தாள். அந்த நெடி மூக்கில் ஏறியதும் உன் ஞாபகம் வந்துவிட்டது. சைக்ளோஸ்டைல் நகல் எடுக்க எழுதும் ஸ்டென்சில் தாளில் பிழை திருத்த ஒரு சிவப்புத் திரவம் பூசுவோமே, அதற்கும் இதே நெடிதான். நம் கல்லூரிப் பத்திரிகை நடந்த காலம் முழுவதும் அந்தப் பாட்டிலை நீ முறைத்துக்கொண்டே இருந்தாய். "அழிக்கிறதுக்காடா எழுதறோம்?" என்பாய்.

நான் நெய்வேலி குவார்ட்டர்ஸ் பையன். நீ காடாம்புலியூரிலிருந்து பஸ்ஸில் வருகிறவன். உலகத்தில் எதைப் பற்றியும் நமக்கு ஓர் அபிப்பிராயம் இருந்தது. ரேடியோ யார் பக்கம் பேசுகிறது, தேர்தல் மேடையில் நடிகர்களுக்கு என்ன வேலை, எல்லாவற்றையும் நாலு பக்கத்தில் வெளுத்து வாங்கினோம். ரேடியோவை நம்பாதீர்கள் என்று எழுதிவிட்டு, நைட் ஷிப்ட் முடிந்து தூங்கும் என் அப்பா விழித்துவிடாதபடி, அதே ரேடியோவில் காதை ஒட்டவைத்துச் செய்தி கேட்போம்.

அப்போதுதான் டவுன்ஷிப் தியேட்டருக்கு அந்தச் சுரங்கப் படம் வந்தது. கதாநாயகனின் அண்ணன் மேல் சுரங்கத்தின் கூரை இடிந்து விழுகிறது. மற்ற ஊர்களில் அழுதிருப்பார்கள். நம் தியேட்டரே சிரித்தது. நம் சுரங்கம் வானம் பார்த்துக் கிடக்கிற பெரிய பள்ளம், அதற்கு ஏது கூரை? நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். மறுநாளே விமர்சனம் எழுதினாய். சுரங்கத்துக்கு ஓடு மாற்ற ஆள் தேவை என்று அதில் ஒரு கிண்டல்.

ஸ்டென்சிலில் எழுதித் தருவது நம் வகுப்பு மரகதம். முத்துமுத்தான கையெழுத்து. வடக்கே ஏதோ நிலக்கரி ஊரிலிருந்து வந்த குடும்பம் என்பதைத் தவிர அவளைப் பற்றி நமக்கு ஒன்றும் தெரியாது. உன் விமர்சனத்தை ஒரு பிழையில்லாமல் எழுதி முடித்துப் பேனாவைக் கீழே வைத்தாள்.

"எங்க சித்தப்பா அப்படித்தாங்க போனாரு. அங்கெல்லாம் சுரங்கத்துக்குக் கூரை இருக்குங்க."

உன் முகம் செத்துப்போனது. கல்லூரி அலுவலகத்தில் நகல் எடுக்கும் இயந்திரத்தை அன்று சாயங்காலம் மட்டும்தான் நமக்கு விட்டிருந்தார்கள். வேறு ஸ்டென்சில் தாளும் இல்லை. நான் சிவப்புப் பாட்டிலை எடுத்தேன். நீ என் கையைத் தள்ளிவிட்டாய்.

"அத்த அழிச்சிட்டா, தியேட்டர்ல நான் சிரிச்சிகினு இருந்தது இல்லேன்னு ஆயிடுமாடா?"

பேனாவை எடுத்து, பக்கத்தின் அடியில் உன் கோணல்மாணலான கையெழுத்தில் எழுதினாய்: 'இதை எழுதியவன் கூரையுள்ள சுரங்கத்தைப் பார்த்ததில்லை.' பிறகு தாளை மரகதத்திடம் நீட்டி, போடலாமா, கிழித்துவிடட்டுமா என்று கேட்டாய். அவள் அந்த வரியைப் படித்துவிட்டு, போடச் சொன்னாள். பத்திரிகை ஆசிரியர் ஒரு பெண்ணுக்குப் பணிந்துவிட்டார் என்று கல்லூரியே உன்னைக் கேலி செய்தது. யாருக்கும் பணியாதவன் என்று பெயர் வாங்கியிருந்தாய். ஆனாலும் அந்த வரியை எழுதியதற்காக நீ வருந்தவே இல்லை.

நீ பண்ருட்டி நிருபராகவே இருந்துவிட்டாய். நான் சென்னையில் சினிமா விமர்சனம் எழுதியே காலத்தை ஓட்டினேன். ஒவ்வொன்றையும் முடித்தபின், இதில் நான் பார்க்காதது எது என்று கேட்டுக்கொள்வேன். அதனால் சில மோசமான படங்கள்கூடத் தப்பித்திருக்கின்றன.

போன மாதம் நீ போய்விட்டாய் என்று சொன்னபோது, நான் கால் முறிந்து கட்டிலில் கிடந்தேன். வர முடியவில்லை, அது இன்னும் நெஞ்சை அறுக்கிறது. நான் எழுதும் பத்திரிகையில் உன்னைப் பற்றி அஞ்சலியாக நாலு வரி கேட்டார்கள், எழுதிக் கொடுத்தேன். கடைசி வரியை மட்டும் இடமில்லை என்று வெட்டிவிட்டார்கள். இங்கே வெட்ட ஆளில்லை, அதனால் எழுதுகிறேன்: இதை எழுதியவன் நீ இல்லாத பண்ருட்டியை இன்னும் பார்த்ததில்லை.