ஆற்றை நீந்திக் கடந்தது யார், நைனா?

என் அன்பான நைனாவுக்கு,

நீ இருந்தவரை உனக்கு நான் ஒரு கடிதமும் எழுதியதில்லை. ஒரே வீட்டில் இருக்கிறவருக்கு யார் கடிதம் எழுதுவார்கள்? நேரில் பேசவும் எனக்கு வராது. நீயும் யாராவது கேட்டால்தான் பேசுவாய். இப்படியே நாம் இருவரும் ஒரு வீட்டில் இருபது வருடம் அதிகம் பேசாமல் வாழ்ந்துவிட்டோம்.

நீ போய் மூன்று வருடம் ஆகிறது. இப்போது உன்னிடம் கேட்க ஒன்று இருக்கிறது. பத்திரிகையில் எழுதுகிறேனே என்று கோபித்துக்கொள்ளாதே. நீ பிறந்த மீனவக் குப்பத்தின் பெயரை எழுதவில்லை. ஆட்களின் பெயர்களையும் மாற்றியிருக்கிறேன். இங்கே நீ கன்னியப்பன். உன்னோடு பர்மா சண்டைக்குப் போய்த் திரும்பி வராத உன் சிநேகிதர் எட்டியப்பன். மற்றபடி எல்லாம் நடந்தது நடந்தபடியே.

முதலில் வீட்டுச் சேதி. எனக்குச் செங்கல்பட்டிலேயே ஓர் ஆபீசில் டைப் அடிக்கிற வேலை கிடைத்திருக்கிறது. தற்காலிகம்தான். சேகர் அண்ணனுக்குக் கண்டக்டர் வேலை நிரந்தரமாகிவிட்டது. திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் போகிற வண்டியில் போகிறான். அம்மாவுக்கு முட்டிவலி. நீ வேலை பார்த்த ரயில்வே லைன் பக்கம் போனால் உன் நினைப்பு வருகிறதென்று அவள் இப்போதும் போவதில்லை.

போன ஐப்பசி மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை, நாங்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது தனபால் அண்ணன் வந்தார். எட்டியப்பன் மாமாவின் மகன். மாமா பட்டாளத்துக்குப் போனபோது தொட்டிலில் கிடந்தவர். கல்பாக்கத்தில் அணுமின் நிலையம் கட்டுகிற இடத்தில் வாட்ச்மேனாக இருக்கிறார். குப்பத்துப் பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் தன் அப்பாவுக்கு ஒரு கல் நடப் போவதாகச் சொன்னார்.

"எங்கப்பா மூஞ்சி எப்டி இருக்கும்னே எனக்குத் தெரியாது தங்கச்சி. ஒரு போட்டா கூட கெடையாது. கல்லாவது இருக்கட்டும். மாமல்லபுரத்துல சிற்பிகிட்ட சொல்லிட்டேன். நீ பி.ஏ. படிச்ச பொண்ணு. ரெண்டு வரி அழகா எழுதிக் குடு. நீட்டி முழக்கிடாதே, கல்லு சின்னது."

"இன்னான்னு எழுதறது அண்ணா?" என்றேன்.

"உனக்குத் தெரியாததா? பர்மாவுல ஆத்துல வெள்ளம். இடுப்புல கயித்தக் கட்டிகினு எங்கப்பாதான் மொதல்ல நீந்தினாரு. அக்கரையில மரத்துல கட்டினாரு. அந்தக் கயித்தப் புடிச்சிகினுதான் மத்தவங்க எல்லாம் கரையேறினாங்க. காய்ச்சல்ல கெடந்த உங்கப்பாவ முதுவுல கட்டிகினு வந்தாரு. அப்புறம் அதே காய்ச்சல் அவர வாரிகினு போயிடிச்சி."

சேகர் அண்ணன் சோற்றில் வைத்த கையை எடுக்கவில்லை. "இன்னாது? நல்லா கீதே கதை! நீந்தினது எங்க நைனா. முதுவுல வந்தது உங்கப்பா."

தனபால் அண்ணன் சிரித்தார். விளையாட்டு என்று நினைத்துவிட்டார். "யோவ் கண்டக்டரு, டிக்கெட்ட மாத்திக் கிழிக்காதய்யா."

"நான் ஒண்ணும் மாத்தல. எங்க நைனாவே சொன்னது."

"எனக்கும் உங்க நைனாதான்யா சொன்னாரு! என் தலைல கைய வெச்சி சொன்னாரு."

அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை. அம்மாதான் நடுவில் வந்தாள். "முப்பது வருசமா அந்த ஆத்துல தண்ணி ஓடிகினு கீது. இப்ப யாரு நீந்தினா இன்னா? சோறு ஆறுது, துன்னுங்க. தனபாலு, நீயும் குந்து."

மழைநாட்களில் நீ எங்களுக்குச் சொன்ன கதை அப்படியே காதில் இருக்கிறது. இடுப்பில் கயிறு. மார்பில் மோதிய மரக்கட்டை. தண்ணீரின் குளிர். அக்கரையில் கயிற்றைக் கட்டிவிட்டுத் திரும்பி வந்தாய். காய்ச்சலில் இருந்த எட்டியப்பன் மாமாவை முதுகில் கட்டிக்கொண்டு மறுபடி கடந்தாய். கரை சேர்த்தும் அவர் பிழைக்கவில்லை. இந்த இடம் வந்ததும் நீ நிறுத்திவிடுவாய். நாங்களும் மேலே கேட்க மாட்டோம்.

அதே கயிறு, அதே மரம், அதே காய்ச்சல். ஆள் மட்டும் மாறியிருக்கிறார். இரண்டு கதையையும் சொன்ன வாய் ஒன்று. எது நைனா நடந்தது?

வருடா வருடம் மாசி மகத்துக்கு நீ எங்களைக் குப்பத்துக்குக் கூட்டிப்போவாய். நாங்கள் மணலில் ஆடிக்கொண்டிருப்போம். நீ எட்டியப்பன் மாமாவின் மனைவி பட்டம்மாள் அத்தையோடும் தனபால் அண்ணனோடும் படகு நிழலில் உட்கார்ந்திருப்பாய். அங்கே என்ன பேசினாய் என்று ஒருநாளும் எங்கள் காதில் விழுந்ததில்லை. விழுந்திருந்தால் அப்போதே கேட்டிருப்போமா?

சேகர் அண்ணன் விடவில்லை. "நைனா இடுப்புல தழும்பு இருந்திச்சே, கயிறு அறுத்த தழும்பு. அதுக்கு மேல இன்னா சாட்சி?" என்றான். அடுத்த முறை தனபால் அண்ணன் வந்தபோது அதையே சொன்னான். அவர் சட்டையைத் தூக்கிக் காட்டினார். அதே இடத்தில் அவருக்கும் தழும்பு. சின்ன வயதில் கரைவலை இழுத்த கயிறு. "குப்பத்துல எல்லா ஆம்பளைக்கும் கீது, வந்து பாரு" என்றார்.

நானும் யோசித்துப் பார்க்கிறேன். மாசி மகத்தன்று ஊரே கடலில் இறங்கும். நீ மட்டும் ஈரமணலோடு நின்றுவிடுவாய். கடற்கரையில் பிறந்த நீ, சண்டை முடிந்து வந்ததும் ரயில்வேயில் தண்டவாளம் பார்க்கிற கேங்மேனாகப் போய்ச் சேர்ந்தாய். அந்த வெள்ளத்தை எதிர்த்து நீந்தியவனுக்கு வந்த பயமா அது? அல்லது இன்னொருவர் முதுகில் கிடந்தபடி அந்தத் தண்ணீரைப் பார்த்தவனுக்கு வந்த பயமா?

ஒவ்வொரு வருடமும் அத்தைக்குப் புடவையும் பழமும் வாங்கிப் போனாயே. உயிரைக் காப்பாற்றியவரின் குடும்பத்துக்குச் செய்த நன்றியா? காப்பாற்ற முடியாமல் போனவரின் குடும்பத்துக்குச் செய்த சமாதானமா? எந்தப் பக்கம் திருப்பினாலும் பொருந்துகிறது. அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

பட்டாளத்து ஆபீசுக்கு இங்கிலீஷில் எழுதிப் போட்டேன். நான்கு முறை கிழித்து எழுதினேன். பதிலும் வந்தது. நீ சேர்ந்தாய், பர்மாவில் வேலை செய்தாய், சண்டை முடிந்ததும் விடுவிக்கப்பட்டாய். அவ்வளவுதான். ஆறு என்ற சொல்லே அதில் இல்லை. ஒரு ராஜ்ஜியத்துக்கு ஓர் ஆறு எம்மாத்திரம்?

பிறகு, பஸ்ஸில் யாரோ சொன்னார்கள் என்று அச்சரப்பாக்கத்தில் ஒரு பெரியவரைப் பற்றிச் சேகர் அண்ணன் விசாரித்து வந்தான். பட்டாளத்தில் உங்கள் கம்பெனியிலேயே இருந்தவராம். இப்போது உரக்கடை வைத்திருக்கிறார். இருவரும் போனோம். நல்ல மனிதர், மூட்டை மேல் உட்கார வைத்து ஆளுக்கொரு சோடா வாங்கிக் கொடுத்தார். நான் தலை குனிந்து உட்கார்ந்திருந்தேன். அண்ணன்தான் கேட்டான்.

"கயிறா? எந்தக் கயிறு?" என்றார் பெரியவர்.

"ஆத்துக்குக் குறுக்கால கட்டினது பெரியவரே. வெள்ளத்துல."

"ஆத்த நாங்க பாலத்து மேலதான் தாண்டினோம். இஞ்சினீர் ஆளுங்க மிதவைப் பாலம் போட்டுக் குடுத்தானுங்க. ஜம்முனு நடந்து போனோம்."

அண்ணன் முகம் சுருங்கிவிட்டது. "அது வேற ஆறா இருக்கும்."

"இருக்கலாம். அந்த ஊர்ல தடுக்கி விழுந்தா ஆறுதான்."

"கன்னியப்பன், எட்டியப்பன். கடக்கரைக்காரங்க. ஞாபகம் வருதா?"

பெரியவர் கண்ணை மூடிக்கொண்டார். "ரெண்டு பசங்க. எப்பப் பாரு ஒண்ணாவே திரிவானுங்க. அதுல ஒருத்தன் நல்லா பாடுவான்."

"எவரு பாடுவாரு?" இதைக் கேட்டது நான்தான். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது.

"தெரிஞ்சா சொல்ல மாட்டேனாம்மா? எனக்கு ரெண்டு பேரு மூஞ்சியும் ஒண்ணாத்தான் வருது. ஒருத்தன் செத்தான். ஒருத்தன் அழுதான். அழுதவன்தான் உங்கப்பனா இருக்கணும்."

திரும்பும்போது பஸ்ஸில் அண்ணன் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே வந்தான். நான் பாட்டையே நினைத்துக்கொண்டிருந்தேன். நீ பாடி நான் கேட்டதே இல்லை. பாடியவர் மாமாவா? அல்லது பாட்டை நீ அங்கேயே விட்டுவிட்டு வந்தாயா?

மாசி மகத்தன்று கல் நடுவதாக ஏற்பாடு; அந்த நாளும் நெருங்கிவிட்டது. சிற்பி அவசரப்படுத்துவதாகத் தனபால் அண்ணன் சொல்லியனுப்பினார். "அத்தைகிட்டயே நேரா போய்க் கேட்டுடு. நம்ம நைனா செஞ்ச காரியம் இன்னொருத்தர் பேர்ல கல்லுல ஏறக்கூடாது" என்று சேகர் அண்ணன் தன் வண்டியிலேயே என்னை ஏற்றிவிட்டான். கேட்கத்தான் போனேன் நைனா. வழியெல்லாம் வாக்கியத்தை மனதுக்குள் சரிசெய்துகொண்டே போனேன்.

பட்டம்மாள் அத்தை மணலில் நெத்திலி காயவைத்துக்கொண்டிருந்தார். கையில் காக்கா ஓட்டுகிற குச்சி. "வா கண்ணு, வெய்யில்ல நிக்காத, இப்டி வா. கல்லுக்கு எழுதிட்டியா?"

"இன்னும் இல்ல அத்தை."

"எழுது, எழுது. அவசரம் இன்னா? நான் இருக்கறப்பவே நட்டா செரி." சிரித்தார். பிறகு, நான் கேட்காமலேயே, அவராகச் சொல்ல ஆரம்பித்தார்.

"சண்ட முடிஞ்சி உங்கப்பா நேரா இங்கதான் வந்தாரு. தன் வூட்டுக்குக் கூடப் போவல. தோ, அந்த எடத்துல குந்திகினு அழுதாரு. எனக்கு அழுவ வரல. தந்தில செத்துட்டாருன்னு மட்டுந்தான் இருந்திச்சி. காய்ச்சல்ல பாயில கெடந்து செத்திருப்பான்னு ஊரு பேசிச்சி. என் மனசுக்கு அது ஆவல கண்ணு. உங்கப்பாவக் கேட்டேன். 'அவர மாதிரி நீந்தறவன் இந்தக் கரையில கெடையாது. பாயில கெடந்தா செத்தாரு? தண்ணில எறங்கியிருப்பாரே?'ன்னு கேட்டேன்."

"நைனா இன்னா சொன்னாரு?"

"ரொம்ப நேரம் என்னையே பாத்துகினு இருந்தாரு. அப்புறம், 'எறங்கினாரு'ன்னாரு. அவ்ளோதான். கயிறு, மரம், அதெல்லாம் வருசா வருசம் கொஞ்சங் கொஞ்சமா சொன்னாரு."

ஒரு காக்கை இறங்கியது. அத்தை குச்சியை ஓங்கவில்லை. மீனைப் புரட்டியபடியே, என்னைப் பார்க்காமல் கேட்டார்.

"உங்க வூட்ல இன்னான்னு சொன்னாரு?"

ஏன் கேட்டார்? தனபால் அண்ணன் வாய்தவறி ஏதாவது சொல்லிவிட்டாரா? அல்லது உன்னுடைய அந்த 'எறங்கினாரு' அவருக்குள்ளேயே இத்தனை வருடமும் உறுத்திக்கொண்டிருந்ததா? நீதான் நீந்தியதாக எங்களிடம் சொன்னாய் என்று, வழியெல்லாம் நான் சரிசெய்துகொண்டு வந்த வாக்கியம் நாக்கு நுனியில் இருந்தது. அதைச் சொல்வதற்குத்தான் வந்திருந்தேன்.

"எங்ககிட்டயும் இதேதான் சொன்னாரு அத்தை. மாமாதான் நீந்தினாருன்னு."

"அப்ப செரி" என்றார். மீனைப் புரட்டுகிற கை வேகமாகிவிட்டது. கொஞ்ச நேரம் கழித்துத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். வெயில்தான் என்று வைத்துக்கொண்டேன்.

நைனா, அன்றைக்கு அந்த மணலில் உனக்கும் இப்படித்தான் ஆனதா? யோசிப்பதற்கு முன்பே வாய் சொல்லிவிட்டதா? அல்லது நீ அத்தையிடம் சொன்னதுதான் உண்மையா? அப்படியென்றால் எங்களிடம் ஏன் மாற்றினாய்? சேகர் அண்ணன் சின்னப் பையனாக இருந்தபோது உன் மடியில் ஏறி, "பட்டாளத்துல நீ இன்னா பண்ண நைனா?" என்று குடைந்துகொண்டே இருப்பான். தண்டவாளத்தில் சுத்தியல் தட்டிவிட்டு வந்து படுத்திருப்பாய். அவனுக்கும் ஒரு பதில் வேண்டியிருந்தது. இரண்டு இடத்திலும் கேட்டவர்களுக்கு வேண்டியதை நீ கொடுத்திருக்கிறாய் என்று தோன்றுகிறது. அப்படியானால் அந்த ஆற்றில் யாருமே நீந்தவில்லையா? பாலத்தின் மேல்தான் நடந்து போனீர்களா? அதையும் என்னால் நம்ப முடியவில்லை. அந்தத் தண்ணீரின் குளிரை நீ சொன்ன விதம் அப்படி.

கல் நட்டாகிவிட்டது. 'எட்டியப்பன். பர்மாப் போரில் ஆற்றை நீந்திக் கடந்து மற்றவர்களைக் கரைசேர்த்தவர்.' இந்த வரியை எழுதியது நான். என் அளவில் அந்தப் பெருமையை உன்னிடமிருந்து எடுத்து அவருக்குக் கொடுத்துவிட்டேன். உன்னுடையதாக இருந்தால்தான் அது கொடுத்ததாகும். முதலிலிருந்தே அவருடையதாக இருந்தால், நான் யாருக்கும் எதையும் கொடுக்கவில்லை. பொய் சொன்னேனா, உண்மை சொன்னேனா என்று தெரியாமலேயே ஒன்றைச் சொல்லிவிட்டு அதோடு வாழ்வது எப்படி என்று உன்னைக் கேட்காமல் யாரைக் கேட்பேன்?

இதைப் பத்திரிகைக்கு அனுப்புவதற்கு முன் தனபால் அண்ணனிடம் காட்டினேன். இரண்டு முறை படித்தார். "எங்கம்மாவுக்குப் படிக்கத் தெரியாது" என்று மட்டும் சொல்லித் திருப்பிக் கொடுத்தார்.

சேகர் அண்ணன் ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. "நம்ம நைனாவ ஆத்தோட வுட்டுட்ட" என்றான். உனக்கு இன்னும் சொல்லாத ஒரு சேதி, அவனுக்குப் பையன் பிறந்திருக்கிறான். பேசக்கூட வராத குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு அண்ணன் இப்போதே கதை சொல்கிறான். "எங்க நைனா, உங்க தாத்தா, இடுப்புல கயித்தக் கட்டிகினு..." குழந்தை அவன் சட்டைப் பொத்தானைக் கடிக்கிறது. நான் பக்கத்து அறையில் துணி மடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தேன்.

திருத்த மாட்டேன் நைனா. இங்கேயும் இல்லை, அங்கேயும் இல்லை. இனி ஒவ்வொரு மாசி மகத்துக்கும் அத்தைக்குப் புடவை எடுத்துக்கொண்டு நான் போகிறேன். அவர் மறுபடி கேட்டால் மறுபடியும் அதையே சொல்வேன். வீட்டுக்கு வந்ததும், அண்ணன் கதை சொன்னால் கடைசிவரை உட்கார்ந்து கேட்பேன்.

அந்த ஆறு எதுவென்று தெரியாமலே
அதன் இரண்டு கரையிலும் நிற்கிற
உன் வாயில்லா மகள்