‘இருக்கிறது’ என்றால் என்ன

பழவேற்காடு
14.11.1967

அன்புள்ள லோகநாதன் தாயாருக்கு,

நேற்று ஏரியில் நம் லோகநாதன் போன படகு கவிழ்ந்தது முதல், நீ ஆள்விட்டுக் கேட்பது ஒன்றுதான்: “புள்ள இருக்கானா?”

இருபது வருடமாகக் கல்லூரியில் நான் நடத்தும் பாடம் அது. எது இருக்கிறது என்பதற்கு முன், ‘இருக்கிறது’ என்றால் என்னவென்று கேள் என்பார்கள் ஜெர்மானியத் தத்துவவாதிகள். மாணவர்கள் தூங்குவார்கள், நான் எழுப்பியதில்லை.

காலையில் தேடிவிட்டுக் கரையேறிய படகோட்டி செங்கல்வராயனிடம் உன் கேள்வியையே கேட்டேன்.

“கீறாரு சார். உசுருதான் இல்ல.”

இலக்கணப் பிழை ஏதுமில்லை.

முன்முடிவின்றி, தெரிகிறபடியே எதையும் பார் என்பதும் என் பாடம்தான். போய்ப் பார்த்தேன். நீ தைத்த நீலச் சட்டை. அதற்கு மேல் பார்க்கவில்லை.

இந்தக் கடிதம் வரும் காரிலேயே புறப்படு. ஒரே சொல்லில் பதில் எழுத உட்கார்ந்தேன். மூன்று தாள் வீணாகிவிட்டது.

உன்னவன்