உம்மாவின் மூக்கு

காத்தான்குடி,
வெள்ளிக்கிழமை.

அன்பு மகள் றிஸ்லாவுக்கு வாப்பா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் இங்கே நான் நலம், உம்மா நலம், உம்மாவின் மூக்கும் நலம்.

போன் இருக்க ஏன் கடிதம் என்று கேட்பாய். போனை எடுத்தால் இரண்டாவது வார்த்தைக்குள் உம்மா பிடுங்கிவிடுகிறாள். அதனால்தான் லீவு முடிந்து கட்டார் திரும்பும் மின்ஹாஜிடம் கொடுத்தனுப்பும் பார்சலில், மாசிச் சம்பலுக்கு அடியில் இதை ஒளித்து வைக்கிறேன். அதிலுள்ள ஊறுகாய்ப் போத்தலைப் பற்றிக் கவலைப்படாதே. உம்மா மூன்று தடவை மணந்து பார்த்துவிட்டாள்.

பிள்ளையோடு வந்து பாசிக்குடா ஹோட்டலில் தங்குவோம், வீட்டுக்கு ஒரு பகல் மட்டும் வந்து போவோம் என்று நீ சொன்னதை அவளிடம் நான் இன்னும் சொல்லவில்லை. உன் கோபம் நியாயம்தான். வீடியோவில் பேரன் அஸ்பாக் பால் குடிக்கும்போது, “மணந்து பாத்துக் குடுடி!” என்று அவள் போட்ட சத்தத்தில் பிள்ளை வீறிட்டு அழுதது. இங்கே என் தேத்தண்ணீர் மடியில் கொட்டியது.

நானும் இருபத்தெட்டு வருஷமாக இந்த மூக்கோடுதான் குடும்பம் நடத்துகிறேன். போன மாதம் முன்வீட்டு ஹாஜியார் மக்காவிலிருந்து ஸம்ஸம் தண்ணீர் கொண்டுவந்து தந்தார். அவர் முன்னாலேயே மூடியைத் திறந்து மணந்தாள். “ஸம்ஸமயுமா மணந்து பாக்கிறீங்க ராத்தா?” என்று மனிதர் பதறிப்போய்க் கேட்டார். “எந்தத் தண்ணியா இருந்தா என்ன ஹாஜியார், போத்தல் போத்தல்தானே” என்றாள். இரண்டு நாளில் இந்தக் கதை கடைத்தெரு முழுக்கப் போய்விட்டது.

கொரோனா வந்து அவளுடைய மூக்கு வேலை செய்யாமல் போன மூன்று கிழமையும் நான்தான் உதவி மூக்கு. நல்லெண்ணெய், வினாகிரி, பாணி மருந்து எல்லாவற்றையும் மணந்து சத்தியம் பண்ணிக் கொடுக்க வேண்டும். கக்கூஸ் கழுவுகிற திரவத்தையும் மணந்து, அது அதுதான் என்று சாட்சி சொன்னேன். அந்தக் கிழமைகளில் ஒருநாள் குசினியில் தனியாக நின்று அழுதாள். “இந்த மூக்கும் போனா நான் என்னத்துக்கு?” என்றாள். அதற்குப் பிறகு பகிடி பண்ணுவதைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டேன்.

இப்போது பேரன் வருகிறான் என்று வீட்டிலுள்ள போத்தல் எல்லாம் அலுமாரிக்கு மேல் ஏறிவிட்டன. என் இருமல் மருந்தும் அங்கேதான். இருமல் வந்தால் கதிரையில் ஏற வேண்டும். விழுந்து கால் பிசகினால் தடவுகிற எண்ணெயும் மேலேதான் இருக்கிறது.

மகள், அப்போது உனக்கு ஐந்து வயது. உன் தம்பி றிஸானுக்கு இரண்டு. ஒரேஞ் சோடாப் போத்தலில் இருந்த மண்ணெண்ணெயைச் சோடா என்று குடித்துத்தான் அவன் நம்மை விட்டுப் போனான். அவன் பெயரை வீட்டில் நாங்கள் சொல்வதில்லை. விளக்குக்கு ஊற்றிவிட்டு, போத்தலைக் கீழே வைத்தது தான்தான் என்று உம்மா இன்றைக்கும் நம்புகிறாள்.

அவள் வைக்கவில்லை. உயரத்தில், சுவர்த் தட்டில்தான் வைத்திருந்தாள். சைக்கிள் செயின் கழுவ நான்தான் அதை எடுத்தேன். அஸர் தொழுகைக்குப் பாங்கு கேட்டது. குசினி வாசலில் வைத்துவிட்டுப் பள்ளிக்கு ஓடினேன். ஜனாஸா அன்று சொல்ல நினைத்தேன். நாற்பதாம் நாள் கத்தம் முடியட்டும் என்று நினைத்தேன். அவள் முகத்தைப் பார்த்தால் வாய் வரவில்லை. ஸம்ஸம் தண்ணீரை மணந்த கதைக்குக் கடைத்தெருவே சிரித்தபோது நானும் சேர்ந்து சிரித்தேன் மகள்.

இனியும் மூடி வைக்க என்னால் முடியாது. தனியாகச் சொல்லவும் பயமாக இருக்கிறது. நீ பக்கத்தில் இருந்தால் சொல்லிவிடுவேன். பாசிக்குடாக் கடல் எங்கேயும் ஓடிவிடாது. நேரே வீட்டுக்கு வா.

அல்லாஹ் உன்னையும் மருமகனையும் பேரனையும் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்ப்பான். வாசலில் ஏறியதும் பிள்ளையின் பால் போத்தலை நீயே உம்மாவின் கையில் கொடு. அவள் ஆறுதலாக மணந்து பார்க்கட்டும்.

உன் வாப்பா,
முனாப்