இரண்டாம் பாகத்தில் நசுங்காத தக்காளி

பெங்களூர், 14.6.1987

அக்தருக்கு ஸலாம். நான் உருவாக்கிய தக்காளிக் கூடை வீடியோ கேமுக்கு என்னைக் கேட்காமலே கம்பெனியில் இரண்டாம் பாகம் செய்து விற்கிறார்கள். இது அநியாயம். மற்றபடி சுகமாக இருக்கிறேன். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது?

நேற்று அந்த இரண்டாம் பாகத்தை ஆடிப் பார்த்தேன். பாலக்கோடு மண்டிக்குக் கூடை கட்டும்போது பாதி பழுத்த செங்காயை அடியில் போட்டுப் பழத்தை மேலே அடுக்குவாயே, அதுதான் என் ஆட்டத்தின் விதி. மாற்றி அடுக்கினால் பழம் நசுங்கும், ஆட்டம் முடியும். இவர்கள் செய்ததில் பழத்தை அடியில் போட்டாலும் நசுங்குவதில்லை.

முதலாளியிடம் சொன்னேன். "டிவியில எந்தப் பழம் பாய் நசுங்குது?" என்று சிரித்தார்.

"என் வூட்டுக்காரி அக்தர் பார்த்தா உங்களைக் கூடைப் பக்கமே விடமாட்டா, முதலாளி" என்றேன். அவர் சிரிப்பு நின்றது.

இனி முதலாளி அந்த விதியைத் திரும்பச் சேர்க்க வேண்டும். அதுவரை அடுத்து வரும் மூன்றாம் பாகத்தில் நான் கை வைக்க மாட்டேன். தம்பி ஜமீர், வீட்டுப் பெட்டியிலுள்ள, ஆட்டத்துக்கு நான் படம் வரைந்த நோட்டைத் தபாலில் அனுப்ப வேண்டும். நீ ஒரு கூடை தக்காளியை பஸ்ஸில் ஏற்றி அனுப்பு, முதலாளி மேஜையிலேயே பிரித்துக் காட்டுகிறேன். மேல் வரிசைப் பழங்கள் எனக்கு. மகள் பரிதாவிடம் விடாதே, நீயே அடுக்க வேண்டும்.

கவுஸ்