சபியாவைப் பள்ளிக்கு அனுப்பிய காலை

மாமி,

உங்கள் வெள்ளைத் துப்பட்டியை இன்று மடித்துப் பெட்டியில் வைத்தேன். முனையில் நீங்கள் முடிந்து வைக்கும் கிராம்பின் வாசனை இன்னும் போகவில்லை. உங்களுக்கு வாசிக்கத் தெரியாது. அதனால்தான் இவ்வளவு தைரியமாக எழுதுகிறேன். நேரில் உங்கள் முன்னால் நான் தலை நிமிர்ந்ததுகூட இல்லை.

இரண்டு வருடத்துக்கு முன் அம்மா இறந்தது விடியற்காலையில். அத்தா சொந்தக்காரர்களுக்குச் சொல்லப் போயிருந்தார். அத்தாவின் அக்காளான நீங்கள், என் அழுகையை அடக்கிவிட்டு, என் தங்கை சபியாவுக்குத் தலை பின்னினீர்கள். ஏழு வயது அவளுக்கு. "அம்மா உறங்குறா. சத்தம் போடாம ஸ்கூலுக்குப் போ மோளே. சாயங்காலம் வரும்போது அரிசிப் பத்திரி சுட்டு வச்சிருப்பா" என்றீர்கள். நானும் பக்கத்தில்தான் நின்றேன். வாய் திறக்கவில்லை.

மதியத் தொழுகைக்குப் பின் அம்மாவை அடக்கிவிட்டார்கள். சபியா சிலேட்டோடு திரும்பியபோது அம்மாவின் கட்டிலை முற்றத்தில் கழுவிக் கவிழ்த்திருந்தார்கள். "பத்திரி எங்கே?" என்று கேட்டாள். அம்மா வருவாள் என்று இருட்டும்வரை வாசலைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள்.

அடுத்த வாரமே தொடங்கிவிட்டது. பள்ளி என்றாலே வயிற்றுவலி, வாந்தி. நான் குளிக்கப் போனாலும் கதவடியில் உட்கார்ந்து கூப்பிட்டுக்கொண்டே இருப்பாள். "கள்ளி! ஈர்க்குச்சியால நாலு கொடுத்தா வலி பறந்துரும்" என்று அடித்தும் பார்த்தீர்கள். போதாததற்கு, "இப்பிடி அடம் பிடிச்சா உன் அக்காவும் போயிருவா" என்றீர்கள். அன்று அவளுக்குக் காய்ச்சலே வந்துவிட்டது.

பிறகு நானே அவளோடு போனேன். ஏழாம் வகுப்போடு நின்றவள், முதல் வாரம் இரண்டாம் வகுப்புப் பெஞ்சில் உட்கார்ந்தேன். "எடீ, மூக்குத்தி போட்ட புதுக் குட்டி! டீச்சரே, இவளுக்குப் பத்து வரைக்கும் எண்ணத் தெரியுமான்னு கேளுங்க!" என்று ஒரு பையன் கத்தினான். பிள்ளைகள் சிரிக்க, என் காது எரிந்தது. அப்புறம் வராந்தா, அப்புறம் கேட், அப்புறம் தெருமுனைச் சுக்குக் கிடங்கின் மூலை என்று மெல்ல மெல்லத் தள்ளிப் போனேன். ஒரு நாளும் சொல்லாமல் நகரவில்லை.

"நான் எட்டிப் பார்க்கும்போது இருப்பியா அக்கா?"

"எட்டிப் பார்க்காட்டியும் இருப்பேன்."

வீட்டுக்கு வந்தால் நீங்கள், "ஸ்கூல் வாச்மேன் வந்தாச்சு, சாயா கொடுங்க" என்பீர்கள்.

போன மாதம் நீங்கள் இறந்ததும் பள்ளிநாள் காலையில்தான். பள்ளுருத்தியிலிருந்து வந்திருந்த சின்னம்மா சீப்பை எடுத்தார். "சின்னது பயந்துபோகும். ஸ்கூலுக்கு அனுப்பிரலாம்."

சீப்பைப் பிடுங்கினேன். சபியாவைக் கூட்டிவந்து உங்கள் முகத்தைக் காட்டினேன். பாசத்தில் செய்தேன் என்று சின்னம்மா நினைத்தார். வஞ்சத்தில்தான் செய்தேன். அம்மாவின் சாவை மறைத்த உங்களை வைத்தே, சாவு என்றால் என்ன என்று அவளுக்குக் காட்ட வேண்டும் என்று இருந்தது.

"மாமி உறங்கலை, இல்லையா அக்கா?"

"இல்லை. மௌத்தாயிட்டாங்க."

வெகுநேரம் பார்த்துவிட்டுத் தலையாட்டினாள்.

உங்களைத் தூக்குமுன் அத்தா வாசலில் நின்று வழக்கப்படி கேட்டார்: "அக்கா மேல யாருக்காவது வருத்தம் இருந்தா, பொறுத்துக்கிட்டோம்னு சொல்லுங்க." எல்லாப் பெண்களும் சொன்னார்கள். நான் சொல்லவில்லை. கூச்சக்காரி, வாய்க்குள் சொல்லியிருப்பாள் என்று நினைத்திருப்பார்கள்.

நீங்கள் போன நான்காம் நாள் கிடங்கு மூலையில் சபியா என் கையை விட்டாள். "நீ போ அக்கா. அடுப்புல சோறு குழைஞ்சிரும்." திரும்பிப் பார்க்காமல் நடந்தாள்.

அவளுக்கு ஆறிவிட்டது. எனக்கு ஆறவில்லை. உங்களுக்காக அத்தா கேட்ட, பொறுத்துக்கிட்டேன் என்கிற அந்த ஒரு சொல் என்னிடமே இருக்கிறது. அம்மா வருவாள் என்று சபியா வாசலைப் பார்த்து உட்கார்ந்திருந்தாளே, அப்படி நீங்களும் உட்கார்ந்திருங்கள், மாமி. எப்போது சொல்வேன் என்று சொல்ல மாட்டேன்.