நீலம் பூசிய இரண்டு துண்டுகள்

வாலு,

ஆறு மணிக்கு எழுந்தேன். பால் காய்ச்சினேன், துணி உலர்த்தினேன். நீ செய்யப்போகும் கிட்டாருக்காக நீலச் சாயம் பூசி ஜன்னலில் வைத்திருந்த இரண்டு மாதிரி மரத்துண்டுகளையும் வெளிச்சத்தில் பார்த்தேன். நான் அடம்பிடித்த மேப்பிள் மரத்தில் சாயம் திட்டுத் திட்டாக இருக்கிறது. நீ சொன்ன ஆஷ் மரத்தில் ஒவ்வொரு ரேகையும் எழுந்து நிற்கிறது. ரேகையின் போக்கிலேயே உப்புத்தாள் போட்டுத் தேய்த்திருக்கிறாய். யாரும் சொல்லித் தரவில்லை.

நேற்று "உனக்கென்ன தெரியும்" என்று கத்தியிருக்கக் கூடாது. தெரிந்திருக்கிறது.

கிட்டார் பாகங்களைக் கிட்டாக விற்கும் கடைக்காரர் பதினொரு மணிக்குக் கூப்பிடுவார். எந்த மரம் என்று நீயே சொல். சாப்பாடு மூடி வைத்திருக்கிறேன். சாவி மீட்டர் பெட்டிக்கு மேல் இருக்கிறது.

அப்பா

ஆஷ் துண்டைத் தேடாதே. ஆபீசில் நாலு பேருக்குக் காட்ட எடுத்துப் போகிறேன்.

இன்னொன்று. அம்மா கடைசியாக "அவளைப் பாத்துக்கோ" என்றதாக எல்லோரிடமும் சொன்னேன். அது நானாகச் சொன்னது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிட்டார் கிட் படங்களைப் பார்த்துக்கொண்டே அவள் உண்மையில் சொன்னது இதுதான்: "மரத்தை அவளே எடுக்கட்டும். நீ வாய மூடிட்டு சும்மா இரு."