உன் கையெழுத்து வேண்டாம்

அன்புள்ள பெரியவளுக்கு, அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் உன் தங்கையும் சுகமாக இருக்கிறோம், அங்கே குளிர் குறைந்து உன் இருமலும் அடங்கியிருக்கும் என்று நம்புகிறேன். அம்மாவின் தையல் கடையில் பள்ளிச் சீருடை வேலை குவிந்து கிடக்கிறது, சாப்பிடும்போதுகூட அவள் தோளில் அளவு நாடா தொங்குகிறது. இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாமே என்று நீ கேட்பாய். போனில் நீ பேச ஆரம்பித்தால் நான் சரி சரி என்று சொல்லிவிடுவேன், அது உனக்கும் தெரியும், அதனால்தான் எழுதுகிறேன். விஷயம் இதுதான், சின்னவளின் படிப்புக் கடனுக்காக உனக்கு அனுப்பிய ஜாமீன் பத்திரத்தில் நீ கையெழுத்துப் போட வேண்டாம். ஏன் என்று கீழே வரிசையாகச் சொல்கிறேன், பொறுமையாகப் படி.

மருத்துவமனைக் கருவிகளைப் பழுது பார்க்கும் படிப்பில் அவளுக்கு இடம் கிடைத்ததும் நாங்கள் நேராக வங்கிக்குத்தான் போனோம், அங்கே போக வேண்டும் என்றுதான் எனக்குத் தெரிந்திருந்தது. மேலாளர் நல்ல மனிதர், உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தார். கல்லூரிக் கட்டணம் போட்டுக்கொள்ளலாமா என்றார், தலையாட்டினேன். விடுதி என்றார், அதற்கும் ஆட்டினேன். புதுக் கம்ப்யூட்டர், போக வர செலவு, காப்பீடு என்று அவர் சொல்லிக்கொண்டே போனார், நானும் ஆட்டிக்கொண்டே இருந்தேன். கொடுக்கிறேன் என்பவரிடம் குறைத்துக் கொடுங்கள் என்று எப்படிச் சொல்வது, தப்பாக நினைத்துக்கொள்வாரோ என்று எனக்குக் கூச்சம். தொகை பெரிதாகிவிட்டதால் சம்பளக்காரர் ஒருவரின் ஜாமீன் வேண்டும் என்றார். உன்னிடம் சொன்னபோது நீ, பேப்பரை அனுப்புங்கப்பா, கண்ணை மூடிக்கிட்டுப் போட்டுத் தரேன் என்றாய். அச்சகத்தில் ஆயுள் முழுக்கப் பிழை திருத்தியவனிடம் சொல்லக்கூடிய பேச்சா அது? ஆனாலும் அப்போது அனுப்பிவிட்டேன்.

அனுப்பிய பிறகுதான் என் கையில் இருந்த பிரதியைப் படித்தேன். அச்சகத்தில் எங்கள் வழக்கம் உனக்கு நினைவிருக்கும், முதல் தடவை பொருளுக்காக முன்னிருந்து பின்னாகப் படிப்போம், இரண்டாம் தடவை கடைசிப் பக்கத்திலிருந்து முன்னால் வருவோம், அப்போதுதான் கண் ஏமாறாது. முன்னிருந்து படித்தபோது எல்லாம் இனிப்பாகத்தான் இருந்தது, சிரிக்கிற மாணவியின் படம், எளிய தவணை, மாறும் வட்டி. பின்னாலிருந்து வந்தபோது முதலில் கண்ணில் பட்டது உன் பெயர். சின்னவள் ஒரு தவணை தவறினாலும் அடுத்த ஆள் நீ. கடன் தீரும் வரை உன்னை விடுவிக்க மாட்டார்கள். அதற்கு முந்தின பக்கத்தில், பணம் கொடுத்த நாளிலிருந்தே வட்டி ஓடும், படிக்கும் காலத்தில் கட்டாத வட்டி அசலோடு சேர்ந்து அதற்கும் வட்டி ஏறும் என்று இருந்தது. பயமாக இருந்தது. நான்தான் தப்பாகப் புரிந்துகொண்டேனோ என்று மறுபடி படித்தேன், தப்பாகப் புரிந்துகொள்ளவில்லை. உனக்குப் பிடிக்காத இப்போதைய வேலையை இந்த வருடம் விட்டுவிட்டுப் பயிற்சிக்குப் போகப் போகிறேன் என்று சொல்லிக்கொண்டிருந்த நீ, ஜாமீன் பேச்சு வந்ததிலிருந்து அதைப் பற்றி வாயைத் திறக்கவில்லையே, அதுவும் அப்போதுதான் எனக்கு உறைத்தது.

மறுநாள் கல்லூரி அலுவலகத்துக்குப் போனேன். அங்கே உதவித்தொகைப் பிரிவில் இருக்கும் அம்மாள், வங்கிக்கு அப்புறம் எங்ககிட்ட வரீங்களா, எல்லாருமே தலைகீழாத்தான் வராங்க சார் என்று சிரித்தார். அவர் சொன்னதைக் குறித்துக்கொண்டு வந்தேன். முதலில் திருப்பிக் கட்டத் தேவையில்லாத உதவித்தொகைக்கு எழுதிப் போட வேண்டும், கிடைத்தால் அவ்வளவும் லாபம். அடுத்தது அரசுக் கடன், அது இரண்டு விதம். வருமானம் குறைந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு ஒன்று, அதில் படித்து முடிக்கும் வரை வட்டியை அரசே கட்டும். மற்றதில் வட்டி முதல் நாளிலிருந்தே உண்டு, ஆனால் அது நிலையான வட்டி. இரண்டுமே மாணவியின் பெயரிலேயே வரும், ஜாமீன் கேட்க மாட்டார்கள், படிப்பு முடிந்து கொஞ்ச காலம் வேலை தேட அவகாசமும் உண்டு. இதற்கெல்லாம் பிறகும் பள்ளம் இருந்தால்தான் வங்கி. அரசுக் கடன் இரண்டையும் சேர்த்தால் கட்டணம் முழுவதும் அடங்கிவிடுகிறது, விடுதிதான் வெளியே நிற்கிறது.

விடுதி என்றதும் எனக்கு மனம் ஒப்பவில்லை, குழந்தை ஆசைப்பட்டதாயிற்றே என்று நினைத்தேன். இரண்டு நாள் அதே கணக்கைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். சின்னவள் வேறு, நீங்க இப்படிப் பயந்துட்டே இருந்தா நான் கிழவியாகித்தான் காலேஜுக்குப் போவேன் என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். கடைசியில் அம்மாதான் தையல் மெஷினை நிறுத்திவிட்டு, விடுதி வேணும்னு நீ கேட்டியாடி என்று சின்னவளைக் கேட்டாள். அப்பாதானே தலையாட்டினார், நான் பஸ்ஸில் லேட்டா வந்தா பயப்படுவார்னு சும்மா இருந்தேன், எனக்கு வீட்டிலிருந்து போகத்தான் இஷ்டம் என்றாள் இவள். எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அவளுக்காக நான் ஆட்டியிருக்கிறேன், எனக்காக அவள் வாயை மூடியிருக்கிறாள், இரண்டு பேருக்காகவும் நீ கடன்காரி ஆகப் பார்த்தாய். கல்லூரி ஒரு மணி நேரப் பஸ் தூரம்தான். கம்ப்யூட்டருக்கு நீ விட்டுப்போன பழையதே போதும் என்கிறாள், தன் முதல் பழுது வேலை அதுதானாம்.

பிறகு வங்கிக்குப் போய் வேண்டாம் என்று சொல்ல வேண்டியிருந்தது. பஸ்ஸில் முழுவதும் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். மேலாளர் கோபிக்கவே இல்லை, இதை அன்னிக்கே சொல்லியிருக்கலாமே சார் என்று விண்ணப்பத்தின் குறுக்கே ஒரு கோடு போட்டார், அவ்வளவுதான். அதோடு விட்டாரா, ஒரு சேமிப்புத் திட்டம் இருக்கிறது, தொடங்கிவிடலாமா என்றார். என் கழுத்து அசைவது எனக்கே தெரிந்தது. கூட வந்திருந்த அம்மா, அவர் கழுத்து சொல்றதைக் கேட்காதீங்க, வாய் என்ன சொல்லுதுன்னு கேளுங்க என்றாள். வாய் வேண்டாம் என்றுதான் சொன்னது, கொஞ்சம் மெதுவாக.

அரசுக் கடனுக்குச் சின்னவளே விண்ணப்பித்து நேற்று அனுமதி வந்துவிட்டது, உதவித்தொகைக்கும் எழுதிப் போட்டிருக்கிறாள், கட்டணம் நேராகக் கல்லூரிக்குப் போய்விடும். வட்டி ஓடும் அந்த இரண்டாவது அரசுக் கடனுக்கு மாதாமாதம் வட்டியை மட்டும் என் ஓய்வூதியத்திலிருந்து கட்டிவிடப் போகிறேன், அப்படிச் செய்தால் அது அசலில் ஏறாது. பஸ்ஸும் புத்தகமும் தையல் கடையின் பொறுப்பு என்று அம்மா சொல்லிவிட்டாள். நான் எங்காவது கணக்கில் தவறியிருந்தால் தயவுசெய்து எழுது. ஆனால் ஜாமீன் விஷயத்தில் மட்டும் தவறவில்லை என்று எனக்கே இப்போது நிச்சயமாக இருக்கிறது.

நீ நன்றாக இரு, நேரத்துக்குச் சாப்பிடு, இருமல் விடவில்லை என்றால் டாக்டரைப் பார். எங்கள் ஆசீர்வாதம் உனக்கு எப்போதும் உண்டு. ஒன்றை மட்டும் மறந்துவிடாதே, அந்தப் பத்திரத்தின் கடைசிப் பக்கத்தில் உன் பெயருக்கு நேரே ஒரு கோடு இருக்கும், அது காலியாகவே இருக்கட்டும். இதற்குள் கையெழுத்துப் போட்டிருந்தால் கிழித்துப் போட்டுவிடு. பயிற்சிக்கு எப்போது சேரப் போகிறாய் என்று எழுது, போனில் சொன்னாலும் சரி, அதற்கு மட்டும் நான் தாராளமாகத் தலையாட்டுவேன்.

இப்படிக்கு,
உன் அப்பா